சாக மறுக்கும் செல்: தோல்புற்றில் இரண்டு நொதிகள்

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் 30 கிலோமீட்டருக்கு மேல் விலகி வழிவிட்டு நிற்கிறது. கோடையில் அந்தக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கத்து அனல் காற்று நேரே பாலக்காட்டுக் கல்பாத்திக்கு வந்துவிடும். எர்ணாகுளம் வியர்த்துப் புழுங்கும்போது பாலக்காடு வறண்டு காய்கிறது. கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் புற ஊதாக் கதிர்க் குறியீட்டைச் சொல்லி நடுப்பகல் வெயிலில் நிற்காதீர்கள் என்று எச்சரிக்கும் இடங்களில் பாலக்காடும் உண்டு, இடுக்கி மலைமேல் மூணாறும் உண்டு. தேயிலைக் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் அந்த மலை வெயிலில்தான் நாள் முழுக்க நிற்கிறார்கள்.

இவ்வளவு வெயில் படும் இடத்தில் தோல்புற்று மலிந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. தோல்புற்றுகளில் மிகக் கொடியதான மெலனோமா ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 30 பேருக்கு மேல் வருகிறது. இந்தியாவில் அந்த எண் ஒன்றைத் தொடுவதில்லை. கருத்த தோலில் இருக்கும் மெலனின் கதிரை வடிகட்டிவிடுகிறது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிட முடியாது. நம்மவர்களுக்கு மெலனோமா வரும்போது அது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், நகத்தின் அடி, வாய், மூக்கின் உட்புறம், மலக்குடல். யாரும் பார்க்காத இடம் என்பதால் முற்றிய பிறகுதான் கண்ணில் படுகிறது.

வெயிலில் பிறக்கும் மெலனோமாவும் உள்ளங்காலில் பிறக்கும் மெலனோமாவும் பெயரில் ஒன்று, பிறப்பில் வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இரண்டு நொதிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று பீராஃப். மற்றொன்று எச்டாக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹிஸ்டோன் டீஅசிட்டைலேஸ். தோல்புற்றைப் பற்றி எழுதுகிற யாரும் பீராஃபைத்தான் கதாநாயகனாக்குகிறார்கள். அதன் கதையில் வேகமும் வெற்றியும் இருக்கின்றன. எச்டாக் ஓரமாக ஒரு பத்தி பெறும். அந்த வரிசை பாதிதான் சரி என்பது என் கணிப்பு. பீராஃப் எப்படிப் புற்றைத் தொடங்கிவைக்கிறது என்பதை அதன் கதை நன்றாகவே சொல்லும். புற்றுச் செல் ஏன் மருந்துக்குப் பிறகும் சாகாமல் நிற்கிறது என்று கேட்டால் எச்டாக் பக்கம் வந்துதான் ஆக வேண்டும்.

முதலில் பீராஃப். 2002இல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்து ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை, தாங்கள் சோதித்த மெலனோமாக்களில் மூன்றில் இரண்டு பங்கில் பீராஃப் மரபணு பிறழ்ந்திருப்பதாகச் சொன்னது. பின்னால் நடந்த பெரிய ஆய்வுகளில் இது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பெரும்பாலும் பிறழ்வது ஒரே ஓர் எழுத்துதான். அதனால் 766 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் 600ஆம் இடத்தில் வேலினுக்குப் பதில் குளூட்டமிக் அமிலம் வந்து உட்காருகிறது. வந்த அமிலத்துக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. நொதி 'இயங்கு' என்ற நிலையிலேயே மாட்டிக்கொள்வதற்கு அது போதும். இயல்பான பீராஃபைவிட இதன் வேகம் ஏறக்குறைய 500 மடங்கு.

பீராஃப் ஒரு கைனேஸ், அதாவது மற்றப் புரதங்கள்மேல் பாஸ்பேட் ஒட்டுகிற நொதி. செல்லின் வெளியிலிருந்து 'வளர்' என்ற சேதி வந்தால் ராஸ் என்னும் புரதம் அதை வாங்கி, பீராஃப் சேர்ந்த ராஃப் குடும்ப நொதியிடம் தரும். ராஃப் அதை மெக் என்னும் நொதியிடம் தரும், மெக் எர்க் என்னும் நொதியிடம். எர்க் உட்கருவுக்குள் போய், மரபணுக்களை இயக்கும் புரதங்களைத் தட்டி எழுப்பும். செல்லைப் பிரியச் சொல்லும் சைக்ளின் டி1 போன்ற மரபணுக்கள் அதன்பின் வெளிப்படும். பிறழ்ந்த பீராஃப் வெளிச்சேதிக்குக் காத்திருப்பதில்லை, தானே ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டிருக்கும். மரபணு வெளிப்பாட்டை அது இப்படித் தூரத்திலிருந்து, சைட்டோபிளாசத்தில் இருந்தபடியே மாற்றுகிறது. டி.என்.ஏ.வை ஒருமுறையும் தொடுவதில்லை.

பீராஃபைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பலர் மச்சத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் இதே பிறழ்வு இருப்பது 2003இலேயே தெரிந்துவிட்டது. அப்படியானால் மச்சமெல்லாம் ஏன் புற்றாவதில்லை? பிறழ்ந்த பீராஃப் செல்லைச் சிறிது காலம் பிரிய வைக்கிறது. பிறகு செல்லுக்குள் பி16 போன்ற காவல் புரதங்கள் எழுந்து பிரிதலை நிறுத்திவிடுகின்றன. செல் சாவதுமில்லை, பெருகுவதுமில்லை, முதுமையில் உறைந்துவிடுகிறது. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தார் 2005இல் இதை மனித மச்சங்களிலேயே காட்டினார்கள். நம் கன்னத்து மச்சம் பெரும்பாலும் தோற்றுப்போன ஒரு புற்று. வலிய பிறழ்வு ஒன்று மட்டும் போதாது, காவல் மரபணுக்களும் அடங்கிப்போக வேண்டும். சில செல்களில் அந்த மரபணு அறுந்து போகும். சிலவற்றில் மரபணு அப்படியே இருக்கும், ஆனால் வெளிப்படாது.

இந்த இரண்டாவது வகைதான் எச்டாக்கின் களம்.

ஒரு செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் இரண்டு மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளில், ஓர் உருளைக்கு 147 எழுத்து நீளம் என்ற கணக்கில் சுற்றப்பட்டிருக்கிறது. ஹிஸ்டோனுக்கு நேர்மின்னேற்றம், டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னேற்றம், அதனால் இறுக்கம். ஹிஸ்டோனின் வால்மேல் அசிட்டைல் துணுக்கு ஒட்டினால் நேர்மின்னேற்றம் தணியும், சுற்று தளரும், அங்கே இருக்கும் மரபணுவைப் படிக்க முடியும். எச்டாக் அந்த அசிட்டைலை நறுக்கி எடுக்கிறது. சுற்று மறுபடி இறுகுகிறது, மரபணு அடங்குகிறது. அசிட்டைல் ஒட்டுவதற்கும் மரபணு படிக்கப்படுவதற்கும் தொடர்பிருக்கிறது என்று நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் ஆல்ஃப்ரி 1964இலேயே எழுதினார். ஒட்டும் நொதியும் அகற்றும் நொதியும் கைக்குக் கிடைக்க 1996 வரை ஆயிற்று. அகற்றும் நொதியைப் பிடித்தவர்கள் ஹார்வர்டில் ஸ்டூவர்ட் ஷ்ரைபரின் குழுவினர். மனிதச் செல்லில் இந்த வகை நொதிகள் 18 உண்டு: துத்தநாகத்தைக் கொண்டு இயங்குபவை 11, சர்ட்டுயின் என்னும் தனிக்குடும்பம் 7.

பீராஃபுக்கும் எச்டாக்குக்கும் உள்ள முதல் வேறுபாடு இதிலேயே தெரிந்துவிடுகிறது. பீராஃப் பிறழ்ந்தால்தான் குற்றவாளி, எச்டாக் பிறழாமலே குற்றத்துக்குத் துணைபோகிறது. மெலனோமாவில் எச்டாக் மரபணுவின் எழுத்துகள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நொதி தன் வழக்கமான வேலையைத்தான் செய்யும், ஆனால் செய்யக்கூடாத இடத்தில் செய்யும். அதனால் மரபணுச் சோதனை அறிக்கையில் பீராஃபின் பெயர் தடித்த எழுத்தில் வரும். எச்டாக்கின் பெயர் வராது. நோயாளிக்கும் உறவினருக்கும் அந்தப் பெயர் தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டும் செல் சாவைத் தடுக்கும் விதத்தை ஒப்பிடும்போதுதான் விஷயம் சுவையாகிறது. கெட்டுப்போன செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ள உடம்பில் ஏற்பாடு உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் துளை விழும், சைட்டோகுரோம் வெளியே கசியும், கேஸ்பேஸ் என்னும் வெட்டு நொதிகள் எழுந்து செல்லை உள்ளிருந்தே துண்டாக்கும். அண்டைச் செல்லுக்கு வீக்கமோ காயமோ இராது. இந்தத் துளையைத் தொடங்கிவைக்கும் புரதங்களில் முக்கியமானது பிம். அதை அடக்கி வைப்பவை பிசிஎல்-2 வகைப் புரதங்கள். பிம் கூடினால் சாவு, பிசிஎல்-2 கூடினால் பிழைப்பு.

பிறழ்ந்த பீராஃப் என்ன செய்கிறது? அதன் ஏவலில் எர்க் நொதி பிம் புரதத்தின்மேல் பாஸ்பேட் ஒட்டுகிறது. அந்தக் குறி விழுந்த பிம் செல்லின் புரதச் சிதைப்புக் கூடத்துக்குப் போய் அழிகிறது. பிம் தயாராகிறது, நிற்பதில்லை. எச்டாக் வேறு வழியில் போகிறது. பிம்முக்கான மரபணு இருக்கும் சுற்றை இறுக்கிவிடுகிறது, அதனால் பிம் தயாராவதே குறைகிறது. செல் பிரிதலை நிறுத்தும் பி21 மரபணுவையும் அப்படியே அடக்குகிறது. ஒரே புரதத்தை ஒன்று பிறந்த பிறகு கொல்கிறது, மற்றொன்று பிறக்கவே விடுவதில்லை. எச்டாக்கைத் தடுத்தால் பிம் ஏறுவதும் பி21 எழுவதும் கேஸ்பேஸ் விழிப்பதும் மெலனோமாச் செல்களில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டிருக்கின்றன.

கல்பாத்தித் தேரைப் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். ஐப்பசி முடியும் அந்த மூன்று நாட்களில் முன்னால் ஊரே வடம் பிடித்து இழுக்கும், பின்னால் யானை நெற்றியால் முட்டித் தள்ளும். ஆனால் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தான் தேரின் நிறுத்தமும் திருப்பமும் இருக்கின்றன. பீராஃப் வடம் இழுக்கிற நொதி, எச்டாக் கட்டை போடுகிற நொதி. வடத்தை அறுத்துவிட்டால் இழுப்பு நிற்கும். சாவு மரபணுக்களுக்கு அடியில் போட்ட கட்டை போட்ட இடத்திலேயே கிடக்கும்.

இரண்டு நொதிகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது மிட்ஃப் என்னும் புரதம். மெலனின் தயாரிக்கும் செல் மெலனின் செல்லாகவே இருப்பதற்கு இதுதான் ஆதாரம். மெலனோமா அதையே பிழைப்புக்கு நம்பியிருக்கிறது, ஏனெனில் பிசிஎல்-2 மரபணுவை இயக்குவதும் மிட்ஃப்தான். பீராஃப் பாதையின் சேதி மிட்ஃபை வந்தடைகிறது. எச்டாக் தடுப்பான் கொடுத்தால் மிட்ஃப் மரபணுவின் வெளிப்பாடு குறைகிறது என்பதை டேவிட் ஃபிஷரின் குழு 2008இல் காட்டியது. எச்டாக் தடுப்பான் மரபணுக்களை எல்லாம் திறந்துவிடும் என்று எளிமையாக நினைத்தவர்களுக்கு இது சற்று அதிர்ச்சி. எச்டாக்கைத் தடுத்தால் சில மரபணுக்கள் எழும், வேறு சில அடங்கும். பீராஃபின் வேலை ஒரு நேர்க்கோடு மாதிரித் தெரிகிறது. எச்டாக்கின் வேலை அப்படி இல்லை. அது எந்தச் செல்லில், எந்தப் புரதத்தோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பாடநூல் எழுதுபவர்களுக்கு அது பிடிக்காமல் போவது இயல்புதான்.

மருந்து வந்த வரலாற்றிலும் இரண்டும் எதிரெதிர். பீராஃபில் நொதி முதலில் தெரிந்தது, பிறகு மருந்து. படிகமாக்கப்பட்ட நொதியின் வடிவத்தைப் பார்த்து, அதன் பள்ளத்தில் பொருந்துமாறு மூலக்கூறை வடிவமைத்தார்கள். 2002இல் பிறழ்வு தெரிந்தது, 2011 ஆகஸ்டில் வெமுராஃபெனிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒன்பதே ஆண்டு.

எச்டாக்கில் மருந்து முதலில் வந்தது, நொதி பின்னால் தெரிந்தது. 1971இல் நியூயார்க்கில் சார்லட் ஃப்ரெண்ட், எலியின் ரத்தப் புற்றுச் செல்களை டைமீத்தைல் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானில் போட்டபோது, அவை புற்றுப் போக்கைவிட்டு ஹீமோகுளோபின் தயாரிக்கத் தொடங்கியதைக் கண்டார். புற்றுச் செல்லைக் கொல்லாமல் திருத்த முடியுமா என்று கேட்டு, பால் மார்க்ஸும் ரொனால்ட் பிரெஸ்லோவும் அந்தக் கரைப்பானைவிட வீரியமான பொருள்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்கள். அப்படிப் பிறந்தது வோரினோஸ்டாட். அது எச்டாக்கின் வாயை அடைக்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது. 2006 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. தொடக்கம் முதல் 35 ஆண்டுகள்.

அந்த அனுமதி மெலனோமாவுக்கு அல்ல, தோலில் குடியேறும் டி-செல் லிம்போமாவுக்கு. அதுவும் தோலில் தெரியும் புற்றுதான். படைபோலச் சிவந்து, அரித்து, செதிளாகி, வருடக்கணக்கில் கரப்பான் என்றோ சொரியாசிஸ் என்றோ களிம்பு பூசப்பட்டுக் கடைசியில் திசுப் பரிசோதனையில் பிடிபடும். வோரினோஸ்டாட் அங்கே ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்குப் பலன் தந்தது. 2009இல் ரோமிடெப்சின் என்ற இன்னொன்றும் சேர்ந்தது. அது ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து கிடைத்த பொருள்.

மெலனோமாவில் வெமுராஃபெனிப் தந்த காட்சி வேறு மாதிரி. 2011இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனையில் பழைய மருந்தான டகார்பசினுக்கு 5 விழுக்காட்டினரின் கட்டி சுருங்கியது, வெமுராஃபெனிபுக்கு 48 விழுக்காட்டினரின் கட்டி சுருங்கியது. உடம்பு முழுக்கப் பரவிய கட்டிகள் சில வாரங்களில் மறைந்த படங்கள் உலகெங்கும் சுற்றின. ஆனால் நோய் மறுபடி முன்னேறாமல் நின்ற காலத்தின் நடுமதிப்பு ஐந்து மாதத்தைச் சற்றே தாண்டியது. டப்ராஃபெனிப் என்ற இன்னொரு பீராஃப் தடுப்பானோடு மெக் நொதியை அடைக்கும் டிராமெட்டினிபையும் சேர்த்துக் கொடுக்கும் முறை 2014இல் வந்தது. அந்த இணைப்பில் ஐந்தாண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் 34 விழுக்காடு. டகார்பசின் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். மிச்சம் இருக்கும் 66 பேரின் கணக்கையும் பார்க்க வேண்டும்.

பக்கவிளைவிலும் பீராஃப் மருந்து தன் குணத்தைக் காட்டியது. அதை உண்ட நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தோலில் வேறொரு புற்று, செதிள்செல் புற்று, சில வாரங்களிலேயே முளைத்தது. காரணம் 2010இல் தெளிவானது. பிறழாத பீராஃப் உள்ள செல்லில் ராஸ் ஏற்கெனவே கிளறப்பட்டிருந்தால், இந்த மருந்து ராஃப் நொதிகளை இணை சேர்த்து எர்க்கை இன்னும் வேகமாக ஓட்டுகிறது. ஒரு செல்லில் நிறுத்தும் மருந்து பக்கத்துச் செல்லில் கிளப்புகிறது. பீராஃப் பிறழ்வு இருக்கிறதா என்று சோதிக்காமல் இந்த மருந்தை எழுதக்கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டாம். எச்டாக் தடுப்பானின் தொல்லை இவ்வளவு நாடகமானதல்ல. சோர்வு, வயிற்றுப்போக்கு, நாக்கில் சுவை மாறுதல், தட்டணுக்கள் குறைதல். எல்லாச் செல்லிலும் இருக்கும் நொதியை அடைத்தால் எல்லா இடத்திலும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

இனி, மருந்துக்குப் பிறகும் சாகாத அந்தச் சில செல்கள். நீண்ட நாள் அவற்றை மேலும் பிறழ்ந்த செல்கள் என்றே நினைத்தார்கள். சில செல்கள் அப்படித்தான். எல்லாம் அல்ல. 2010இல் மாசசூசெட்ஸில் ஸ்ரீநாத் சர்மாவும் ஜெஃப் செட்டில்மேனும் ஒரு சோதனை செய்தார்கள். வீரியமான மருந்தில் ஆயிரக்கணக்கான புற்றுச் செல்கள் செத்து விழ, மிகச் சில மட்டும் அடங்கி ஒடுங்கிப் பிழைத்தன. அவற்றை மருந்தில்லாத தட்டுக்கு மாற்றி வளர்த்தபோது அவற்றின் வாரிசுகள் மறுபடி மருந்துக்குச் சாகக் கூடியவையாகிவிட்டன. பிறழ்வாக இருந்திருந்தால் அது வாரிசுக்குப் போயிருக்கும். இது ஹிஸ்டோன் சுற்று மாறியதால் வந்த தற்காலிகத் தாக்குப்பிடிப்பு. அந்தச் செல்களின்மேல் எச்டாக் தடுப்பானைப் போட்டபோது அவை செத்தன. பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் அர்ஜுன் ராஜின் குழு 2017இல் மெலனோமாச் செல்களிலேயே இன்னொன்று கண்டது. மருந்து வருவதற்கு முன்பே, மிகச் சில செல்கள், தாக்குப்பிடிப்புக்கான மரபணுக்களைத் தற்செயலாகச் சிறிது காலம் உரக்க வெளிப்படுத்திக்கொண்டிருக்கின்றன. மருந்து விழும் நேரத்தில் அந்த நிலையில் இருந்த செல் பிழைத்துக்கொள்கிறது.

ஒப்பாய்வின் மையமாக நான் கருதுவது இதைத்தான். பீராஃப் மருந்து தோற்பதற்குக் காரணம் பீராஃபுக்குள் மட்டும் இல்லை. மரபணுவின் எழுத்து மாறாமல் அதன் வெளிப்பாடு மட்டும் மாறும் அந்த இடத்தில்தான் சாவு தள்ளிப்போடப்படுகிறது.

2018இல் ஆம்ஸ்டர்டாமில் ரெனே பெர்னார்ட்ஸின் குழு இரண்டையும் சேர்த்துவைத்தது. சேர்த்த விதம் எதிர்பாராதது. பீராஃப் மருந்துக்கு அடங்காமல் போன மெலனோமாச் செல்லில் எர்க் பாதை அளவுக்கு மீறி ஓடும். அதனால் செல்லுக்குள் ஆக்சிஜன் சார்ந்த நச்சு மூலக்கூறுகள் கூடும். சிஸ்டினை உள்ளே இழுத்து குளூட்டத்தயோன் செய்து செல் அதைச் சமாளிக்கிறது. வோரினோஸ்டாட் கொடுத்தபோது சிஸ்டினை உள்ளிழுக்கும் புரதத்தின் மரபணு அடங்கியது. நச்சு தாங்க முடியாத அளவுக்கு ஏறி, செல் செத்தது. முக்கியமான நுணுக்கம் வரிசையில் இருக்கிறது: முதலில் பீராஃப் மருந்து, அது பலிக்காமல் போன பிறகு அதை நிறுத்திவிட்டு வோரினோஸ்டாட். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் பீராஃப் மருந்து அந்த நச்சையே குறைத்துவிடும். சில நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்த திசுவிலும், மருந்துக்கு அடங்காத செல்கள் மட்டும் குறைந்தது தெரிந்தது. இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. மெலனோமாவுக்கு வோரினோஸ்டாட் எழுதும் மருத்துவரை நீங்கள் பார்க்கப்போவதில்லை. இரண்டு நொதிகளையும் ஒரே கதையின் இரு பாதிகளாகப் படிக்க வேண்டும் என்பதற்கு இது சாட்சி, அவ்வளவுதான்.

கேரளத்தில் இந்தப் பாதையை நெருங்கி வந்த ஆய்வு ஒன்று உண்டு. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தில் ரூபி ஜான் ஆன்டோவின் குழு, வெட்பாலை இலையிலிருந்து பிரித்த டிடபிள்யூ-எஃப்5 என்ற கூறு மெலனோமாவை எப்படி நடத்துகிறது என்று 2015இல் எழுதியது. சொரியாசிஸுக்கு வெட்பாலைத் தைலம் தேய்க்கும் வழக்கம் கணவாயின் இரு பக்கமும் இருக்கிறது. எலிகளில் அந்தக் கூறு கட்டி பரவுவதையும் புது ரத்தக்குழாய் முளைப்பதையும் தடுத்தது. பீராஃப் வழி உட்பட மூன்று பாதைகளை அடக்கி மிட்ஃபை முற்றாக இல்லாமலாக்கியது. பிரித்துப் பார்த்ததில் ஒரு பகுதி டிரிப்டான்த்ரின் என்ற பொருள். நல்ல ஆய்வு. ஆனால் அது இலைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த கூறு, எலியில் பார்த்த பலன். வெட்பாலைத் தைலத்தை உள்ளங்கால் கட்டியில் தேய்த்தால் மெலனோமா போகும் என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் நம்பிவிடாதீர்கள்.

மஞ்சளுக்கும் இதே எச்சரிக்கை. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையத்தில் தபஸ் குண்டுவின் குழு 2004இல், மஞ்சளில் உள்ள குர்க்குமின் ஹிஸ்டோன்மேல் அசிட்டைல் ஒட்டும் பி300 நொதியை அடைக்கிறது என்று காட்டியது. எச்டாக்குக்கு நேரெதிர் வேலை செய்யும் நொதி அது. சோதனைக் குழாயில் அழகாக வேலை செய்யும் குர்க்குமின் வாய்வழியாக உண்டால் ரத்தத்தில் கலப்பது சொற்பம். அரைத்துப் பூசிய மஞ்சள் கட்டியின் நிறத்தை மறைக்கும், அது மட்டும் நிச்சயம். மருத்துவர் பார்க்கும் அன்று அந்த நிறம்தான் தேவை.

சரி, நம் உள்ளங்கால் மெலனோமாவுக்கு இந்த இரண்டு நொதிகளும் என்ன தருகின்றன? வெயில் மெலனோமாவில் பாதிக்குப் பாதி இருக்கும் பீராஃப் பிறழ்வு, கை கால் நுனி மெலனோமாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. அங்கே ஒற்றை எழுத்துப் பிறழ்வுகளே குறைவு. குரோமோசோம் துண்டுகள் பெருகுவதும் உடைந்து இடம் மாறுவதும் அதிகம். கிட் என்ற இன்னொரு கைனேஸ் சிலருக்குப் பிறழ்ந்திருக்கும், அதற்கு இமாட்டினிப் பலன் தருவதுண்டு. ஆக, மேலை நாட்டின் கதாநாயகன் இங்கே பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. எச்டாக்கைத் தடுக்கும் மருந்தும் இந்த வகைப் புற்றுக்கு நிறுவப்படவில்லை. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ஊசிகளே இன்று முதல் வரிசை. பீராஃப் பிறழ்வு உள்ளவர்களுக்குக்கூட அவற்றை முதலில் கொடுப்பதே நல்லது என்று அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஒப்பீட்டுச் சோதனை காட்டிவிட்டது: இரண்டாண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் ஊசியை முதலில் பெற்றவர்களில் 72 விழுக்காடு, பீராஃப் மாத்திரையை முதலில் பெற்றவர்களில் 52 விழுக்காடு. ஆனால் உள்ளங்கால் மெலனோமா அந்த ஊசிக்கும் வெயில் மெலனோமா அளவுக்குப் பணிவதில்லை.

எனவே ஆய்வுப் பணம் எங்கே போக வேண்டும் என்று கேட்டால், இன்னொரு பீராஃப் தடுப்பானுக்குப் போக வேண்டாம் என்பேன். இந்திய நோயாளிகளின் உள்ளங்கால், மலக்குடல் மெலனோமாக்களில் எந்த மரபணு அடங்கிக் கிடக்கிறது, எந்த நொதி அதை அடக்குகிறது என்று பார்க்கும் ஆய்வுக்குப் போக வேண்டும். எழுத்துப் பிறழ்வு குறைந்த ஒரு புற்றில் வெளிப்பாட்டைக் கவனிப்பதுதான் நியாயம். அதற்கு வேண்டிய திசுக்கள் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலும் சென்னை அடையாறு புற்றுநோய் மையத்திலும் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும் வருடம்தோறும் வந்து சேர்கின்றன.

அதுவரை, வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. பாடகர் பாப் மார்லியின் கால் விரல் நகத்தடியில் 1977இல் தெரிந்த புண்ணைக் கால்பந்தாட்டக் காயம் என்று நினைத்தார்கள். அது மெலனோமா, 1981இல் 36 வயதில் அவர் இறந்தார். பாதத்தில் எடை தாங்கும் இடங்களில் இந்தப் புற்று கூடுதலாக வருவதை ஜப்பானிய மருத்துவர்கள் 2016இல் காட்டினார்கள். வெறுங்காலோடு வடம் பிடிப்பவர்களும், வயலில் நிற்பவர்களும், அடுக்களைத் தரையில் நாளெல்லாம் நடப்பவர்களும் மாதம் ஒரு முறை உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லுங்கள். புதிதாக வந்து பெரிதாகும் கரும்புள்ளி, நகத்தில் நீளவாக்கில் ஓடி நாளாக நாளாக அகலும் கருங்கோடு, அந்தக் கருப்பு நகத்தைத் தாண்டித் தோலுக்குப் பரவுவது, ஆணிக்கால் என்று நினைத்து மருந்து போட்டும் ஆறாத புண்: இவற்றில் ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சுரண்டவோ கருக்கவோ விடாதீர்கள், திசு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மெலனோமா என்று அறிக்கை வந்து அது பரவியும் இருந்தால், பீராஃபும் கிட்டும் சோதித்தாயிற்றா என்று கேட்டுவிட்டே மருந்துச் சீட்டை வாங்குங்கள்.